ஒற்றியூர்த் தென்னை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று திருவொற்றியூர் போயிருந்தோம். தியாகராஜப் பெருமானையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, அப்படியே பழைய நண்பர் ஒருவர் வீட்டிலும் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்பது உத்தேசம். சுவாமி தரிசனம் நிம்மதியாக நடந்தது. நண்பர் வீட்டில்தான் நிம்மதி இல்லை. அங்கே ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பின்கட்டில் நிற்கும் தென்னை மரத்தை வெட்டுவதா, விட்டு வைப்பதா என்பதே வழக்கு.

வாதி, அண்டை வீட்டுக்காரர். அவருடைய தகரக் கூரைமேல் ஒரு தேங்காய் விழுந்து கூரை நசுங்கியிருந்தது. மறு வாரமே இன்னொரு காய் அவர் பிள்ளையின் மோட்டார் சைக்கிள் மேல் இறங்கியது. "மூன்றாவது காய் யார் தலையிலே விழப்போகிறதோ?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பரின் மனைவியும் வாதியின் கட்சியே. "மரம் ஏற ஆளே கிடைக்கிறதில்லை. ஆறு மாசமாய்ச் சொல்லியனுப்பி அலுத்துப் போயிற்று" என்றார். நண்பர், எல்லாக் கணவன்மார்களையும் போல, இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரத்தின் தரப்பில் வாதாடியவர் ஒரே ஒருவர்தான். அவர் நண்பரின் தாயார். எண்பது வயதைக் கடந்தவர். பேரப் பிள்ளைகளுக்கு 'ஆயா'.

"ஏன் ஆயா, ஒரு மரத்துக்கா இவ்வளவு பிடிவாதம்?" என்று பேரன் கேட்டான்.

"எங்க பழைய வூட்டுல மிஞ்சினது அது ஒண்ணுதாண்டா" என்றார் ஆயா.

அவர் மணமாகிப் புகுந்த வீடு இப்போது இல்லை. இராயபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி இருந்ததாம். வாசலுக்கு எதிரே மூன்று வரிசைத் தென்னை. அதற்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால் கடல். முதலில் மணல் போயிற்று. பிறகு முதல் வரிசை போயிற்று. நாலைந்து வருஷத்துக்குள் இரண்டாவது வரிசையும் போயிற்று. மூன்றாவது வரிசை மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து நின்ற ஓர் ஐப்பசி மாதத்தில் வீட்டுச் சுவர் வெடித்தது. சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் மேற்கே நகர்ந்தது. அப்போது ஆயாவின் கணவர், விழுந்து கிடந்த மரத்திலிருந்து ஒரே ஒரு நெற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நெற்றுத்தான் இன்று அண்டை வீட்டுக் கூரையை நசுக்குகிறது!

ஒற்றி வைத்த நிலத்தைக் கடனை அடைத்து மீட்டுக்கொள்ளலாம். கடல் பிடித்துக்கொண்ட நிலத்தை மீட்கும் வழி எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே அன்று நாம் தீர்ப்பு ஒன்றும் சொல்லாமல், காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். ஆனால் வழக்கு மனத்தைவிட்டு அகலவில்லை. வழக்கில் அகப்பட்டுக்கொண்ட தென்னையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தோம்.

* * *

தென்னையை நாம் மரம் என்று சொல்கிறோம். ஆனால் மாவையும் வேம்பையும் போன்ற மரம் அல்ல அது. வேப்ப மரம் வருஷந்தோறும் பருக்கிறது. பட்டையில் வெட்டுப்பட்டால் நாளடைவில் காயம் மூடிக்கொள்கிறது. தென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் நாலைந்து வருஷங்களில் அது உயரவே உயராமல், தூரை மட்டும் அகலப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அஸ்திவாரம் அமைந்த பிறகே மேலே எழும்புகிறது. எழும்பிய பிறகு பருப்பதில்லை. மரம் ஏறுவதற்காக யாரேனும் அரிவாளால் படி வெட்டினால், அந்த வடு மரம் சாகும்வரை ஆறாது. ஆணிவேரும் அதற்குக் கிடையாது. தூரிலிருந்து கயிறு கயிறாகப் புறப்படும் ஆயிரக்கணக்கான வேர்களே அதைத் தாங்குகின்றன.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கதைகளில் வரும் அரக்கனின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியில் இருப்பது போல, தென்னையின் உயிர் அதன் உச்சியிலுள்ள குருத்தில் இருக்கிறது. கிளை கிடையாது, பக்கத்தில் துளிர்க்கும் வழக்கமும் கிடையாது. குருத்துப் போனால் மரம் போயிற்று.

அந்தக் குருத்திலிருந்து ஏறக்குறைய மாதம் ஒன்றாக, வருஷத்துக்குச் சுமார் 12 ஓலைகள் விரிகின்றன. முதிர்ந்த ஓலை விழுந்த இடத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வளையம் நிற்கும். இப்படி 12 வளையத்துக்கு ஒரு வயது என்று கணக்கிட்டால், ஜாதகம் இல்லாமலே தென்னையின் வயதை ஒருவாறு சொல்லிவிடலாம். தூரில் மறைந்து போன முதல் சில வருஷங்களை மட்டும் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

காய்க்கிற மரத்தில் ஒவ்வோர் ஓலையின் இடுக்கிலிருந்தும் ஒரு பாளை புறப்படுகிறது. பாளை வெடித்தால், உள்ளே நெல்மணிகளைப் போல் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அடியில் பொத்தான்களைப் போல் பெண் பூக்கள் சில இருக்கும். நெட்டை ஜாதித் தென்னையில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிர்ந்துவிட, பெண் பூக்கள் பின்னால் பக்குவம் அடைகின்றன. ஆகையால் வேறு மரத்து மகரந்தத்தைக் காற்றும் தேனீயும் கொண்டு வர வேண்டும். குட்டை ஜாதிக்கு இந்தச் சிரமம் இல்லை. தன் பாளைக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். குரும்பைகளில் பல கொட்டிப் போக, நின்றவை 6, 7 மாதத்தில் இளநீராகின்றன. 12 மாதத்தில் நெற்றாகின்றன. எனவே நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தால், கைக்குழந்தை முதல் தாத்தா வரையில் ஒரு கூட்டுக் குடும்பத்தையே ஒரே கூரையின் கீழ்க் காணலாம்.

நெட்டை ஜாதி காய்க்க 6, 7 வருஷமாவது ஆகும். குட்டை ஜாதி 3, 4 வருஷத்தில் காய்த்துவிடும். ஆனால் ஆயுள் குறைவு. இரண்டையும் கலந்தால் என்ன என்று முதன்முதலில் யோசித்துச் செய்து பார்த்தது எந்தச் சீமையிலும் அல்ல. நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். காசர்கோட்டிலும் நீலேசுவரத்திலும் மாகாண சர்க்கார் 1916-ல் தென்னை ஆராய்ச்சி நிலையங்களைத் தொடங்கியது. அவை அப்போது தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். 1956-ல் கேரளத்தோடு சேர்ந்தன. அந்த நீலேசுவரத்தில் 1930-களில் ஜே. எஸ். படேல் என்ற விஞ்ஞானி நெட்டையையும் குட்டையையும் இணைத்து ஒரு கலப்பின மரத்தை உண்டாக்கினார். உலகத்தில் தென்னைக்கு நடந்த முதல் கலப்பு மணம் அதுவே என்று சொல்லுகிறார்கள்.

* * *

தென்னையின் பயன்களை அடுக்கிக்கொண்டு போவது பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கு லட்சணம். கீற்று, ஈர்க்கு, பன்னாடை, மட்டை, கொட்டாங்கச்சி, கொப்பரை, எண்ணெய், பிண்ணாக்கு என்று நம் வீட்டுப் பெண்மணிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். மார்கழி மாதக் காலையில் குப்பியில் உறைந்து போன எண்ணெயை வெயிலில் வைத்துக் காத்திருக்காத வீடு எது? கள்ளைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. 1987 முதல் தமிழ் நாட்டுச் சட்டமும் அதைப் பேச விடவில்லை. ஆனால் சென்னைப் பட்டினத்துக்கு, அதிலும் இராயபுரத்துக்கு, தென்னை செய்த ஓர் உபகாரத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, வரிசை வரிசையாக உடையும் பேரலைகள். சீமையிலே இரும்பு ஆணி அடித்துச் செய்த படகுகள் அந்த அலைகளில் அகப்பட்டால் பலகை பிளந்து போகும். வைரம் பாய்ந்த மரமும், வலுவான ஆணியும், கெட்டிக்கார மாலுமியும் தோற்ற இடத்தில் ஜயித்தது எது தெரியுமா? தேங்காய் நார்!

நம் கடற்கரை மக்கள் 'மசூலா' என்ற படகை வைத்திருந்தார்கள். அதில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் துணியைத் தைப்பது போலத் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு எதிர்த்து நிற்பதில்லை. சற்றே நெளிந்து கொடுக்கும். அலை போன பிறகு தன் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கவர்னர்களும், அவர்களுடைய சீமாட்டிகளும், பீரங்கிகளும், பட்டு மூட்டைகளும் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு காலம் சென்னையில் இறங்கியதும் ஏறியதும் இந்தத் தையல் படகுகளின் தயவில்தான். பக்கத்திலேயே கட்டுமரங்கள் காவலாக வரும். யாராவது அலையில் விழுந்தால் தூக்கிப் போட்டுக்கொள்ளும். கட்டுமரத்தைக் கட்டியதும் அதே கயிறுதான்.

தென்னை நாருக்கு இந்தக் குணம் எப்படி வந்தது? மற்ற நார்களைக் காட்டிலும் அதில் 'லிக்னின்' என்ற கட்டிப் பொருள் அதிகம். மரத்துக்கு உறுதி தருவதும் அந்தப் பொருளே. அதனால் உப்புத் தண்ணீரில் ஊறினாலும் எளிதில் அழுகாது. அறுந்து போவதற்கு முன்னால் வெகுவாக நீண்டு கொடுக்கும். தண்ணீரில் மிதக்கவும் மிதக்கும். கடலில் மிதந்து போய் எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கி முளைக்க வேண்டும் என்பதற்காகத்தானே தென்னை தன் விதைக்கு அத்தனை கனமான உறையைப் போட்டு அனுப்பியது? விதைக்குக் கட்டிய அங்கியை மனிதன் உரித்துப் படகைத் தைத்துக்கொண்டான்.

இரவில் வரும் கப்பல்களுக்கு வழி காட்டியதும் தென்னையே. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. இப்போது கோட்டைப் பொருட்காட்சிசாலை இருக்கும் கட்டடம் அது. அங்கே எரிந்தவை தேங்காய் எண்ணெய் விளக்குகள்.

* * *

இப்போது கதையின் துக்ககரமான பகுதிக்கு வருகிறோம்.

தையல் படகுகளை நம்பி வியாபாரம் செய்தது போதும், ஒரு துறைமுகம் வேண்டும் என்று சர்க்கார் தீர்மானித்தது. 1875 டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரான இளவரசர், அதற்கு ஞாபகக் கல் நாட்டினார். மறு வருஷம் வேலை தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் பாதி கட்டிய சுவர்களைக் குலைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். இந்த நூற்றாண்டிலும் கப்பல்கள் வந்து நிற்கிற அந்தத் துறைமுகம் அப்படித்தான் எழுந்தது. அதனால் நாட்டுக்கு உண்டான நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் கரையோரமாக, வருஷத்தின் பெரும் பகுதியில், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. தெருவில் ஓடும் வாய்க்கால் மாதிரி, இது மணல் ஓடும் வாய்க்கால். துறைமுகத்தின் சுவர் இந்த வாய்க்காலின் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கி, நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் மெரீனா மணல்வெளி அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே இராயபுரத்துக்கும் தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் சேர வேண்டிய மணல் சேரவில்லை. கடல் பட்டினி கிடக்குமா? கரையையே தின்ன ஆரம்பித்தது. ஒரு பக்கத்தார் சுண்டல் தின்று உலாவும் மணல், மறு பக்கத்தார் இழந்த வீட்டு மனையாகும்!

கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். கல்லைக் கொட்டிய இடத்தில் கடல் நின்றது. கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்புப் புதிதாகத் தொடங்கியது. 2004-ஆம் வருஷம் முதல், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் அணைகளைக் கட்டி மணலைப் பிடித்து வைக்கும் முயற்சி நடந்து, சில இடங்களில் மணல் திரும்பியும் இருக்கிறது. ஆயாவின் வீடு இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை.

அரிக்கும் கடலைத் தென்னை தடுக்காதா என்று நேயர்கள் கேட்கலாம். தடுக்காது. காற்றைத் தாங்கும், உவர் நிலத்தை ஓரளவு பொறுக்கும், மேல் மண்ணை வேரால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடி மணலே போய்விட்டால், ஆணிவேர் இல்லாத மரம் என்ன செய்யும்? எண்ணூர்க் கழியின் சேற்றுக் கரையைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு அலையாத்தி மரமே தக்கது. அவரவர் வேலையை அவரவரிடம் கொடுக்க வேண்டும்.

* * *

நைலான் கயிறு வந்தது. நார்க் கயிறு போயிற்று. 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களும் வெகுவாகக் குறைந்து, 'பைபர்' படகுகள் பெருகிவிட்டன. காசிமேட்டில் இன்று தையல் படகைத் தேடினால் கிடைக்காது. இனித் தென்னை நாருக்கு வேலை இல்லை என்று எண்ணியிருந்த சமயத்தில், புது வேலைகள் வந்து சேர்ந்தன. நார்க் கயிற்றால் பின்னிய வலையைச் சரிந்த மண்மேல் விரித்துப் புல் நட்டால், புல் வேர் பிடிக்கும்வரை அது மண்ணைப் பிடித்திருந்து, பிறகு தானும் மக்கி எருவாகிவிடுகிறது. கயிற்று ஆலைகளின் பக்கத்தில் குப்பையாய்க் குவிந்து கிடந்த நார்க் கழிவு, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கும் கட்டியாகிக் கப்பல் ஏறுகிறது. கொட்டாங்கச்சிக் கரியோ இன்னும் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் விஷவாயு முகமூடிகளுக்குள் அதை வைத்தார்கள். இப்போது நம் வீட்டுக் குடிநீர் வடிகட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை கொடுத்தும், தென்னை வளர்க்கிறவருக்குக் கவலை குறையவில்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரணியத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் அடுத்த போகத்துக்கு 6, 7 வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரையில் குடும்பம் என்ன சாப்பிடும்? காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன் வண்டு, 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ என்று சத்துருக்களுக்கும் பஞ்சம் இல்லை. இவற்றோடு மரம் ஏற ஆள் இல்லாத குறையும் சேர்ந்துகொண்டது. உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலுக்கு மரியாதையும் கூலியும் சரியாகக் கொடுக்காமல் இருந்துவிட்டு, "ஆள் கிடைக்கவில்லை" என்று புலம்புவதில் என்ன பயன்? தென்னை வளர்ச்சி வாரியத்தார் 2011 முதல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் கருவியின் உதவியால் மரம் ஏறக் கற்பித்து, இன்ஷூரன்ஸும் செய்து தருகிறார்கள். தாமதமானாலும் நல்ல காரியம்.

* * *

இவ்வளவும் யோசித்த பிறகு, நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினோம். "வெட்டுகிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஏறுகிற ஆளை ஒரு முறை கூப்பிடுங்கள்" என்பதே அதன் சாரம். நண்பரும் அலைந்து திரிந்து, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். காலில் மாட்டும் கருவியோடு வந்த அவர், விறுவிறுவென்று மேலே போய்விட்டார். கீழே அண்டை வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

முற்றிய குலைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். காய்ந்த மட்டைகளைக் கழித்தார். பிறகு சற்று நேரம் சத்தத்தையே காணோம்.

"என்னப்பா?" என்று கீழிருந்து ஆயா குரல் கொடுத்தார்.

"வண்டு துளைச்சிருக்கு அம்மா! ஓலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு வருது, பாருங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா குருத்துப் போயிருக்கும்."

கம்பிக் கொக்கியால் இரண்டு வண்டுகளைக் குத்தி எடுத்துக் கீழே போட்டார். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து, குருத்தைச் சுற்றிய ஓலை இடுக்குகளில் நிரப்பிவிட்டு இறங்கினார். அன்று இறங்கிய காய்களில் பாதி, நசுங்கிய கூரைக்கு நஷ்ட ஈடாக அண்டை வீட்டுக்குப் போயிற்று. ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை மரம் ஏறுகிறவர் வருவது என்றும், கூலியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வது என்றும், காய்களையும் அப்படியே பகிர்வது என்றும் உடன்படிக்கை ஆகியிருக்கிறது. வாதி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

நேயர்களில் வீட்டில் தென்னை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓலை விசிறி போல வெட்டுப்பட்டு விரிந்தால் வண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். மக்கிய எருக்குப்பையில்தான் அந்த வண்டு குஞ்சு பொரிக்கிறது. ஆகையால் மரத்தடியில் குப்பையைக் குவிக்கலாகாது. புதிதாக நடுகிறவர்கள் 3 அடி ஆழம், 3 அடி அகலம் குழி எடுத்து நட வேண்டும். தோப்பானால் மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும். அப்படி நட்டால் ஏக்கருக்கு 70 மரம் கொள்ளும். வீடானால், காய் விழும் இடத்தில் நம் கூரையோ பிறர் கூரையோ இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு குனிந்து குழி வெட்டலாம்.

நேற்று நண்பரிடமிருந்து பதில் வந்தது. பேரன் ஆவடிக்கு அப்பால் சிறிய மனை ஒன்று வாங்கியிருக்கிறானாம். இறக்கிய காய்களில் நன்றாக முற்றிய நெற்று ஒன்றை ஆயா தனியே எடுத்து வைத்து, பின்கட்டு நிழலில் மணலில் பாதி புதைத்து, தினம் தண்ணீர் தெளிக்கிறாராம். "முளை வர நாலைந்து மாசம் ஆகும் என்று சொன்னேன். அம்மா கேட்டால்தானே? காலையில் எழுந்தவுடன் அதைத்தான் போய்ப் பார்க்கிறாள்" என்று நண்பர் எழுதியிருக்கிறார்.